கிட்டத்தானே, வந்து போகலாமே

முதலாம் வருஷத்தில் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "எந்த இடம்?" கிளிநொச்சி என்றால் ஒரு பார்வை. பொத்துவில் என்றால் "அவ்வளவு தூரமா" என்று ஒரு பரிதாபம். நாங்கள் மூன்று பேரும் "வத்தேகம" என்று சொன்னால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். "அட, கிட்டத்தானே! வீட்ட இருந்தே வந்து போகலாமே."

கிட்டத்தான். வத்தேகமவிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 13 கிலோமீற்றர், கண்டியிலிருந்து பேராதனைக்கு இன்னும் 6. ஆனால் எங்கள் வீடுகள் வத்தேகம டவுனில் இல்லை. ஒருத்தியின் லயம் எல்கடுவ றோட்டில், மற்ற இரண்டு பேருடையது பன்வில பக்கம். மழை பெய்தால் தோட்டத்து றோட்டில் ஓட்டோக்காரர் வரமாட்டார். வந்தாலும் அவர் கேட்கிற காசுக்கு நடந்தே இறங்கிவிடலாம். டவுனுக்கு வந்து, பஸ் பிடித்து, கண்டி டிராஃபிக்கில் நின்று, இன்னொரு பஸ் பிடித்து, கலஹா சந்தியில் இறங்கும்போது முதல் லெக்ச்சர் முடிந்திருக்கும். இதையெல்லாம் பொத்துவில்காரிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவள் வீட்டுக்குப் போக ஒரு முழுநாள் வேண்டும். அதனால் "ஓம், கிட்டத்தான்" என்று நாங்களும் சொல்லிவிடுவோம்.

இதை மூன்று பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். ஒரே ஸ்கூல், ஒரே ஏ.எல். பச், ஒரே கலைப்பீடம். யார் எந்த வரியை எழுதினோம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, அதனால் 'நாங்கள்' என்றே இருக்கட்டும். முதலாம் வருஷம் முடிந்துவிட்டது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "கெம்பஸ் எப்படி புள்ள?" என்று கேட்கிறார்கள். "நல்லாருக்கு" என்கிறோம். அது பொய்யில்லை. முழுசாக உண்மையும் இல்லை.

இந்த வருஷம் எங்களுக்குத் தெரியவந்ததில் மிகவும் பிடித்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்தப் பல்கலைக்கழகம் எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டியது. 1920களில் இலங்கையின் முதல் பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கொழும்பா கண்டியா என்று முதலில். கண்டி என்று ஆன பிறகு, கண்டியில் எந்தப் பக்கம் என்று அடுத்தது. அப்போது பேசப்பட்ட இடம் தும்பறைப் பள்ளத்தாக்கு. 1930களின் கடைசியில்தான் பேராதனை என்று முடிவானது. வத்தேகம இருப்பது பாத்ததும்பறையில். சரியாக எங்கள் லயத்து வாசலில் கட்டியிருக்க மாட்டார்கள், கண்டிக்கு ஒட்டினாற்போல்தான் கட்டியிருப்பார்கள். ஆனாலும் தும்பறை தும்பறைதானே. "வந்து போகலாமே" என்று அடுத்த தடவை யாராவது சொன்னால் இதைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

பேராதனையில் வளாகம் எழுந்த நிலத்தில் நியூ பெரதெனிய எஸ்டேட் என்ற தோட்டமும் அடக்கம். தோட்டம் என்றால் ஆட்கள் இருந்திருப்பார்கள், பிரட்டுக்களம் இருந்திருக்கும். இப்போது அங்கே இருக்கிற மண்டபங்களுக்கு ராமநாதன், அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ் என்று பெயர்கள்.

கொஞ்சம் வருஷக் கணக்கும் பார்க்கலாம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தொடங்கி, 1952 இல் பேராதனைக்குக் குடிவந்தது. இந்தப் பத்து வருஷத்துக்கு நடுவில், 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. எங்கள் பூட்டன் பூட்டி தலைமுறை நாடில்லாத ஆட்கள் ஆனது அப்போதுதான். முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், டி.எஸ். சேனநாயக்கவுக்கு அரசியலமைப்பு விஷயத்தில் ஆலோசகராகவும் இருந்தவர். ஒரு பக்கம் செனட் கட்டடம் எழும்புகிறது, இன்னொரு பக்கம் 20 கிலோமீற்றர் தள்ளி கொழுந்து பறிக்கிறவர்களுக்கு வாக்கு இல்லாமல் போகிறது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். எங்கள் அப்பாயிமார் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியும். அவரும் சம்பளப் புத்தகத்தில் போடுவதற்காகப் பழகியவர். கிட்டத்தானே என்று சொல்கிறவர்களிடம் இந்தத் தூரத்தை எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, நல்லதைச் சொல்கிறோம். நல்லது நிறைய இருக்கிறது.

ஹந்தானை மலையில் காலையில் மூட்டம் இறங்கும். எங்களுக்கு மூட்டம் புதிதில்லை, மலையும் புதிதில்லை. மற்றவர்கள் போன் எடுத்துப் படம் பிடிக்கும்போது நாங்கள் குடையைத் தேடுவோம். ஆனால் மூட்டத்தைச் சும்மா நின்று பார்க்கலாம், அதற்குள் கூடையோடு யாரும் இறங்க வேண்டியதில்லை என்பது புதிது. மகாவலி வளாகத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அந்த ஆறுதான் கட்டுகஸ்தோட்டை தாண்டி பொல்கொல்லைக்கு, எங்கள் பக்கத்துக்கு வருகிறது. முதல் மாதத்தில் வீட்டு ஞாபகம் வந்தால் பாலத்தில் நின்று, இது நாளைக்கு ஊர்ப்பக்கம் போய்விடும் என்று சொல்லிக்கொள்வோம். டிக்கட் இல்லாத பயணம்.

இதையெல்லாம் விட எங்களுக்குப் பெரிதாக இருந்தது ஒரு மேசை. சிரிக்காதீர்கள். லயத்துக் காம்பராவில் ஏ.எல். படித்தவர்களுக்குத் தெரியும். கட்டிலில் தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் கொப்பியை வைத்து எழுதுவோம். தம்பி அழுவான், பக்கத்துக் காம்பராவில் டிவி ஓடும், பத்து மணிக்கு அப்பா "லைட்டை அணைங்க, அம்மா காலைல எந்திரிக்கணும்" என்பார். நூலகத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை, மேலே ஒரு லைட், பக்கத்தில் யன்னல். யாரும் எழுப்பவில்லை. முதல் நாள் மூன்று மணித்தியாலம் அங்கே உட்கார்ந்திருந்தோம். அதில் படித்தது என்னவோ அரை மணித்தியாலம்தான். வளாகம் பிடித்திருக்கிறதா என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால், அந்தக் கதிரையை நினைத்துத்தான் ஆமாம் என்போம்.

பிறகு மொழி. எங்களிடம் இப்போது மூன்று தமிழ் இருக்கிறது. வீட்டுத் தமிழ் ஒன்று, டியூட்டோரியலில் எழுதுகிற தமிழ் ஒன்று. மூன்றாவது, ஹொஸ்டலில் ஆறே வாரத்தில் தானாக ஒட்டிக்கொண்ட, "ஓம்", "விளங்கேல்ல", "கதைச்சனான்" என்கிற தமிழ். முதல் வாரத்தில் "வாங்க, சாப்ட்டீங்களா" என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் கேட்டபோது, "நீங்கள் படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்" என்றாள். கேலியில்லை, நிஜமாகவே ஆச்சரியம். அவளுக்கு வத்தேகம எங்கே என்று தெரியவில்லை, எங்களுக்குச் சாவகச்சேரி எங்கே என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே தீவில் ஒரே பாடப்புத்தகத்தைப் படித்திருக்கிறோம். இப்போது அவளோடுதான் சண்டையும் சோறும். வீட்டுக்கு போன் பண்ணும்போது ஒருத்தி தெரியாமல் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னா புள்ள, அதுக்குள்ள மாறிட்ட" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னார்.

சிங்களம் எங்களுக்குப் பிரச்சினையில்லை. வத்தேகம சந்தையில் பேரம் பேசிப் பழகிய சிங்களம் யாரோடும் பேசும். ஆங்கிலம்தான் உயரமான படி. அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், இப்போது வேண்டாம்.

பேராதனைக்கு வந்தால் கூடவே ஒரு பழங்கதை மூட்டையும் தருகிறார்கள். அந்தக் காலத்துப் பேராதனை, அந்தக் காலத்துத் தமிழ்ச் சங்கம், 'இளங்கதிர்' இதழ். கணபதிப்பிள்ளை, செல்வநாயகம், கைலாசபதி, தில்லைநாதன், நுஃமான் என்று பெயர்கள். 1960களில் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் படித்தவர்களின் மேடைக்குக் கொண்டுவந்தது, 'கர்ணன் போர்', 'இராவணேசன்', மாணவனாக மௌனகுரு ஆடியது. இதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி வருகிறது. மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். ரதியும் மதனும் லயத்து லயமாக வருவார்கள், விடிய விடியத் தப்பு அடிக்கும். அப்போது மேடையேறிய கூத்துகளின் வரிசையில் அது இல்லை. குறை சொல்லவில்லை. அவர் மட்டக்களப்புக்குப் போய்ப் பார்த்ததே பெரிய விஷயம். ஆனால் "நம்முடைய பாரம்பரியம்" என்று மேடையில் சொல்லும்போது அந்த 'நம்முடைய'வுக்குள் நாங்கள் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறோம். எங்களில் ஒருத்தி இறுதி வருஷ ஆய்வுக்குக் காமன் கூத்தை எடுப்பதாக இப்போதே அறிவித்துவிட்டாள். மதனாக ஆடியவர் அவளுடைய பெரியப்பா. அவரைப் பேட்டி காண ஒரு போத்தல் சாராயம் செலவாகும் என்பது மட்டும்தான் சிக்கல்.

அந்தப் பழங்கதை மூட்டையில் இல்லாதவையும் உண்டு. 1983 மே மாதம், யூலைக்கு இரண்டு மாதம் முன்னாலேயே, தமிழ் மாணவர்கள் இங்கே தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு ஓடியிருக்கிறார்கள். 1989 ஒக்டோபரில், ஜே.வி.பி. கலவரக் காலத்தில், அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அது சிங்களப் பிள்ளைகளின் கதை. இப்போது அந்தக் குளத்தடியில் சோடி சோடியாக உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுகிறார்கள். நாங்களும் அங்கே உட்கார்ந்து வடை சாப்பிட்டிருக்கிறோம். தெரிந்த பிறகும் சாப்பிட்டோம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த இடத்தின் அழகு பொய் என்று நினைக்க முடியவில்லை, அது மட்டுமே உண்மை என்றும் நினைக்க முடியவில்லை.

இனி எழுதுவதைத்தான் மூன்று தடவை அழித்து எழுதினோம்.

எங்கள் ஏ.எல். பச்சிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்கள் நான்கு பேர். நாலாவது ஆள் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். எது என்று எழுதப் போவதில்லை. அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளும் படிக்க வேண்டும். எங்களில் கெட்டிக்காரி அவள்தான், இசட் புள்ளியும் அவளுக்குத்தான் கூட. மூன்றாம் மாதம் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. காய்ச்சல் என்று வீட்டில் சொன்னாள். எங்களிடம் சொல்ல அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. என்ன நிறப் பாவாடை கட்ட வேண்டும், எந்தப் படியில் ஏறக்கூடாது, யாரைக் கண்டால் தலையைக் குனிய வேண்டும் என்பதில் தொடங்கியிருக்கிறது. இரவிரவாக நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார்கள். தோட்டத்துப் பேச்சை வைத்து ஒரு பட்டப்பெயர் வைத்து, அந்தப் பெயரால்தான் எல்லோரும் கூப்பிட வேண்டும் என்று கட்டளை. அவளுடைய உண்மைப் பெயர் கூடப் படித்த பாதிப் பேருக்குத் தெரியாது.

பகிடிவதை என்கிற நம்முடைய சொல் விசித்திரமானது. பகிடியும் அதிலேயே இருக்கிறது, வதையும் அதிலேயே இருக்கிறது. செய்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்து முதலாம் வருஷ மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருஷமே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமாகப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வரும்போது நாங்கள் மூன்று பேரும் பிறக்கவில்லை. அது எங்களை விட மூத்தது. இருந்தும் எங்கள் தோழி ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று இருக்கிறது. எந்த வளாகத்துப் பிள்ளையைக் கேட்டாலும் அதே நியாயம்தான். "பச் ஃபிட் வரும். பணக்காரன், ஏழை, கொழும்பு, கிராமம் எல்லாம் ஒன்றாகிவிடும். எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே திட்டு." உண்மையைச் சொன்னால், லயத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு இது கேட்க இனிமையான நியாயம். எங்களிடம் நல்ல உடுப்பு இல்லை, எல்லோருக்கும் ஒரே உடுப்பு என்றால் எங்களுக்குத்தான் லாபம். ஆனால் வரிசையில் நிற்பது, பெயருக்குப் பதில் வேறொன்றால் கூப்பிடப்படுவது, பதில் பேசாமல் தலையைக் குனிவது, இதெல்லாம் எங்கள் வீடுகளில் நாலு தலைமுறையாகத் தெரிந்த விஷயம். அதற்குப் பெயர் பிரட்டு. காலையில் பிரட்டுக்களத்தில் நின்று கங்காணியிடம் திட்டு வாங்கி மலைக்குப் போனவர்கள் எங்கள் அப்பாயிமார். இன்னொரு பிரட்டுக்கு நிற்க எங்களை அனுப்பவில்லை. சமமாக்குகிறோம் என்று சொல்கிறவர்களுக்கு ஏழைகள் படிக்க ஒரு மேசை தேடிக் கொடுக்கலாம், குப்பி எடுத்து ஆங்கிலம் சொல்லித் தரலாம். எங்களுக்கு ஆங்கிலக் குப்பி எடுத்த அக்கா ஒருவர் இருக்கிறார். அம்பாறைப் பக்கத்துச் சிங்கள அக்கா. ஞாயிறு இரவுகளில் இரண்டு மணித்தியாலம், ஒரு சதம் வாங்கவில்லை, ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. பச் ஃபிட் என்றால் எங்களுக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

காசுக் கணக்கு. மஹாபொல 2025 இல் மாதம் 7500 ரூபாய் ஆனது. தோட்டத்து நாட்சம்பளம் 2024 இல் 1350 ஆனது. அப்படிப் பார்த்தால் எங்கள் ஒரு மாத மஹாபொல அம்மாவின் ஐந்தரை நாள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், அப்போது கணக்கு இன்னும் கூடும். சோத்துப் பார்சல், ஃபோட்டோகொப்பி, டேட்டா என்று எதை வாங்கினாலும் அதை அம்மாவின் மணித்தியாலமாக மாற்றிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பச்சில் எல்லோரும் கெம்பளைப் பக்கம் ட்ரிப் போனபோது நாங்கள் போகவில்லை. தலையிடி என்று சொன்னோம். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி.

வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போகிறோம். ரயில் ஓடும் நாட்களில் மாத்தளை ரயில்தான், பஸ்ஸை விட மெதுவாகப் போனாலும் மலிவு. 1880 இல் போட்ட பாதை. அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தவர்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. வத்தேகமவில் இறங்கி, பாண் வாங்கி, மேலே ஏறினால் வீடு.

வீட்டைப் பற்றித்தான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்போது வீட்டில் இருக்க முடியவில்லை. இரண்டாம் நாளே சத்தம் தலையைக் குடைகிறது. காம்பரா சின்னதாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் நூலகத்து யன்னல் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பை கட்டும்போது அம்மா ரொட்டியும் சம்பலும் சுற்றித் தருவார், அதை வாங்கும்போது அழுகை வருகிறது. கெம்பஸ் போனால் அங்கே வீட்டு ஞாபகம். "கிட்டத்தானே, வந்து போகலாமே" என்றவர்கள் இதை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷமாக நாங்கள் செய்துகொண்டிருப்பது அதுதான், வந்து வந்து போகிறோம்.

போன வாரம் எங்கள் ஸ்கூலில் இருந்து ஒரு தங்கச்சிக்கு நல்ல இசட் புள்ளி வந்திருக்கிறது. அவளுடைய அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. எங்கள் மூன்று பேரையும் வழியில் நிறுத்தி, "புள்ளைய அனுப்பலாமா? உள்ளதைச் சொல்லுங்க" என்றார். உள்ளதைச் சொல்லுங்க என்றால் எங்கிருந்து தொடங்குவது? கம்பளி தேவை, குடை தேவை, நூலகத்தில் யன்னலோரக் கதிரைக்கு எட்டு மணிக்கே போக வேண்டும் என்று சொன்னோம். பிறகு, ஏதாவது ஒன்று என்றால் எங்களுக்கு எந்த நேரமும் கோல் எடுக்கச் சொல்லுங்கள் என்று மூன்று நம்பரையும் எழுதிக் கொடுத்தோம்.

அவர் அதோடு விடவில்லை. திரும்பி வந்த எங்கள் தோழியிடமும் போய்க் கேட்டிருக்கிறார். அவள் இப்போது வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு, டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். எங்கள் நோட்ஸ் எல்லாம் அவளிடம்தான் போகிறது, திரும்பி வரும்போது பிழை திருத்தி வருகிறது. அவள் அவரிடம் சொன்னதை அவரே எங்களுக்குச் சொன்னார்: "அனுப்புங்க மாமா. ஆனா தினமும் போன் பண்ணுங்க. புள்ள அழுதா என்னானு கேளுங்க. எல்லாரும் தாங்குறாங்க நீயும் தாங்குனு மட்டும் சொல்லிறாதீங்க."

விண்ணப்பம் இன்னும் போடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகத்தை முதலாவதாகப் போடுவது என்று கேட்பார்.